அக்காவின் விரதமும் என் மிச்ச ஊசியும்

1

ஐம்பது வயது முடிந்ததற்கு என் டாக்டர் எனக்குக் கொடுத்த பரிசு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. அதற்கு முன் நிரப்பி அனுப்பச் சொல்லி நான்கு பக்கப் படிவம் ஒன்று ஆகஸ்ட் மாதம் தபாலில் வந்தது. கனடாவில் எட்மன்டனுக்கு வந்த பதினாறு வருடத்தில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் திருத்தணி மலைக்கு இன்னொரு படி கட்டலாம். எல்லாவற்றிலும் முதல் தகராறு பெயரில்தான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வேறு வழியில்லாமல் நைனாவின், அதாவது அப்பாவின், பெயரை எழுதிவைத்தேன். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "மிஸ்டர் முனுசாமி" என்று கூப்பிடுகிறார்கள். செத்துப் பத்து வருடமான மனிதரைக் கூப்பிட, நான் எழுந்து போகிறேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. சர்க்கரைக்கோ எடை குறையவோ வாரம் ஒருமுறை போடும் ஊசி எதையாவது பயன்படுத்துகிறீர்களா, ஆம் என்றால் கடைசியாகப் போட்ட தேதி என்ன? பயன்படுத்துகிறேன். ஞாயிறுதோறும் போட்டுக்கொள்கிறேன். ஆனால் தேதி எதற்கு? குடலைப் பார்க்கிறவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை?

நான் எதையும் கேட்டுத் துளைக்கிற ஆள். மாநகரப் பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கு என் பொறுப்பு. எண் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கையில் தொடமாட்டேன். அந்த மருத்துவ மையத்துக்குப் போன் செய்து, இருபது நிமிடம் அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டு, ஒருவழியாக ஒரு நர்ஸைப் பிடித்தேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு விளக்கமாகவே சொன்னார். அந்த ஊசி இரைப்பையை மெதுவாக்கிவிடும். மற்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் கீழே இறங்கும் சாப்பாடு, ஊசி போடுகிறவர்கள் வயிற்றில் மறுநாள்கூட இருக்கலாம். மயக்கம் கொடுத்தால் தொண்டையின் காவல் தூங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாயில் போனால் நுரையீரல் கெட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால், பட்டினி இருந்தேன் என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பி நாங்கள் மயக்கம் கொடுப்பதில்லை என்றார்.

அடேயப்பா என்று இருந்தது. புதிதாக ஒன்று தெரிந்துகொண்ட குஷியில் அன்று சாப்பிடும்போது வீட்டில் இதையே பேசித் தீர்த்தேன். திருத்தணியில் என் அக்காவும் அதே ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. அவளுக்கு ஊசியைக் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான்.

2

எனக்கு ஊசி வந்தது முறையாகத்தான். தொண்ணூற்றெட்டு கிலோ இருந்தேன், சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் ரத்தம் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் வந்ததா, எனக்குக் கணையத்தில் எப்போதாவது கோளாறு இருந்ததா என்றெல்லாம் கேட்டார். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து மாதாமாதம் மெல்ல ஏற்றினார். மருந்துக்கடையில் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மாள், நான் கேட்கிற நூறு கேள்விக்கும் சலிக்காமல் பதில் சொல்லுவார். சும்மா சொல்லக் கூடாது, மருந்து வேலை செய்தது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தட்டில் சோறு இருக்கும்போதே எனக்குப் போதும் என்று தோன்றியது. மனைவி விஜிக்கு அதை நம்பவே ஒரு மாதம் ஆனது.

மே மாதம் டாக்டர் அளவை ஏற்றியபோது, பழைய அளவுப் பேனா இரண்டு ஃப்ரிட்ஜில் மிஞ்சிப்போனது. ஊசி மருந்தை அடைத்துவைத்திருக்கும் அந்தக் குழலைப் பேனா என்றுதான் சொல்வார்கள். மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தால் அழித்துவிடுவார்களாம். நம் ஆட்களுக்கு மருந்தைத் தூக்கிப் போட மனசு வருமா? ஒருவருக்கு எழுதிக்கொடுத்த இருமல் மருந்தைத் தெருவே குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஜூன் மாதம் ஊருக்குப் போகும்போது ஐஸ் பை வைத்த ஃபிளாஸ்கில் இரண்டையும் எடுத்துவைத்தேன். யாருக்கென்றுகூட அப்போது யோசிக்கவில்லை.

அக்கா ரேணுகாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பாவா, அதாவது அவள் வீட்டுக்காரர், அந்தப் பக்கமே ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு வருடம் முன்பு ஓடுகிற பஸ்ஸில் பாவாவுக்கு நெஞ்சு வலி வந்து, அதே பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். அன்று அக்கா வேண்டிக்கொண்டாள்: அவர் பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி தூக்கி, முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே ஏறுகிறேன் என்று. பாவா பிழைத்தார். ஆனால் அக்காவுக்குத் தொண்ணூறு கிலோ உடம்பு, தேய்ந்த முட்டி. இரண்டு ஆடி போய்விட்டது. வேண்டுதல் பாக்கி நிற்கிறதே, அதனால் அவருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

என்னை வாசலில் பார்த்ததும் அதிர்ந்துவிட்டாள். "இன்னாடா இது, பாதி ஆளா வந்துகிற?"

ஊசியைப் பற்றிச் சொன்னேன். காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குக் குடுடா. இந்த ஆடிக்காவது நான் படி ஏறிடணும்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீயே இவ்ளோ படிச்சி வெச்சிருக்கிற, டாக்டர் எதுக்கு? பாவாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. சாமி காரியத்துக்கு ஊசி போட்டுகினேன்னா மனுசன் ஒத்துக்க மாட்டாரு."

பேனாவின் டயலைப் பாதிவரை மட்டும் திருப்பு என்று சொல்லிக்கொடுத்தேன். அவளுடைய ரத்தத்தைப் பார்க்கவில்லை, கணையத்தைக் கேட்கவில்லை. வண்டி எண் எழுதாமல் ஒரு பிரேக் கட்டைகூடக் கொடுக்காதவன், சொந்த அக்காவுக்கு வேறொருவன் பெயர் ஒட்டிய மருந்தைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். கொடுத்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். இங்கே காலை, அங்கே ராத்திரிச் சாப்பாட்டு வேளை. இரண்டாவது வாரமே அக்கா, "சாம்பார் வாசனை வந்தாலே கொமட்டுதுடா, உப்புப் பார்க்கறதைச் சமையக்காரம்மாகிட்ட உட்டுட்டேன்" என்றாள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, சரியாகிவிடும் என்றேன். நான் எவ்வளவு குறைந்த அளவில் ஆரம்பித்தேன் என்பது மறந்துவிட்டது.

ஆடி பிறந்ததும் விரதம் தொடங்கினாள். ஒருவேளைச் சோறு, அதுவும் நான்கு வாய். கன்னம் ஒட்டியிருந்தது, கண் உள்ளே போயிருந்தது. வேறு எந்த மாதமாக இருந்தாலும், வேறு எந்த ஊராக இருந்தாலும், ஒரு பொம்பளை மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் யாராவது கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பார்கள். ஆடி மாதத்துத் திருத்தணியில் அவளைக் கும்பிட்டார்கள். அவள் நாத்தனார் வீடியோவுக்குள் தலையை நீட்டி, "அண்ணிக்கு முருகன் அருள் வந்துடுச்சிப்பா, தண்ணிகூடக் கேக்கறதில்ல" என்றாள்.

பசியை அடக்குவதுதான் விரதம். அக்காவுக்கு அடக்கப் பசியே இல்லை. அந்த வித்தியாசம் வெளியே யாருக்கும் தெரியவில்லை, அக்காவுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம்தான். இதைப் பிற்பாடு நெடுநாள் யோசித்துப் பார்த்தேன், இன்னும் பிடிபடவில்லை. எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. நானோ "ஊசி நன்றாக வேலை செய்கிறது" என்று சந்தோஷப்பட்டேன்.

4

கிருத்திகையன்று அக்கா படி ஏறினாள். மஞ்சள் புடவை, தோளில் காவடி, சுற்றிலும் அரோகரா, ஆந்திராவிலிருந்து வந்த பஜனைக் கூட்டம் முன்னால். நாத்தனார் மகன் வீடியோ எடுத்து அனுப்பினான். பாதிப் படியில் அக்கா தள்ளாடினாள். கண் மேலே சொருகியது. கால் மடங்கி உட்கார்ந்தாள். உடனே சுற்றியிருந்தவர்கள் "சாமி வந்துடுச்சி, சாமி வந்துடுச்சி" என்று கூவி, நெற்றி நிறைய விபூதி பூசி, குலவை போட்டார்கள். ஒரு அம்மாள் அவள் காலில் விழுந்து குறி கேட்டாள். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்து, மீதியையும் ஏறி முடித்துவிட்டாள்.

எனக்குக் கண் கலங்கியது. அந்த வீடியோவை எட்மன்டன் தமிழ் நண்பர்கள் நான்கு பேருக்கு அனுப்பினேன். என் மகள் தாரிணிக்கும் காட்டினேன். பதினேழு வயது. அத்தையோடு பேச அவளிடம் இருக்கிற தமிழ் "நல்லா இருக்கீங்களா" வரைக்கும்தான். இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, அத்தை மயக்கமா விழறாங்க. ஏன் எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

இவளுக்கு என்ன தெரியும், இங்கேயே வளர்ந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் பக்தி, உனக்குப் புரியாது என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

5

நர்ஸ் எனக்குப் பாடம் நடத்தி ஒரு வாரம் ஆகியிருக்கும். புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. விஜி சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள், வெளியே நல்ல வெயில். பாவாவிடமிருந்து போன். அங்கே வியாழக்கிழமை காலை ஆறு மணி.

"இன்னா மச்சான், வேலையிலேர்ந்து வந்துட்டியா? பயப்படாத. உங்க அக்காவுக்குப் பித்தப்பையில கல்லாம், சீழ் வைக்கப் பாக்குதாம். ரெண்டு நாளா வலியில துடிச்சிட்டா. திருவள்ளூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துகிறோம். எட்டு மணிக்கு ஆபரேஷன்."

"சாப்பிட்டுச்சா?"

"நேத்து மத்தியானம் அஞ்சாறு வாய் ரசம் சோறு, அவ்ளோதான். மயக்கம் குடுக்கணும், ஒண்ணும் துன்னக் கூடாதுன்னாங்க. அவளுக்கு இன்னா, பட்டினி கெடக்கறதுல கில்லாடியாச்சே."

மூன்றாம் பக்கத்துக் கேள்வி அப்படியே கண்முன் வந்தது. போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, ஊசி போட்டதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"மெதுவாப் பேசுடா. இன்னா மருந்து எடுத்துக்கறேன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டேன். உங்க பாவாவும் நாத்தனாரும் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாங்க."

"கடைசியா எப்போ போட்டே?"

"ஞாயித்துக்கெழம."

"கிருத்திகைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குக்கா?"

"மிச்சம் இருந்திச்சிடா. வீணாப் போவுமேன்னு... படி ஏறணும்ன்ற அவசரத்துல அப்பவே டயலை முழுசாத் திருப்பிப் போட ஆரம்பிச்சிட்டேன்."

நர்ஸ் சொன்னதை மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் ஒரே பேச்சாக மறுத்தாள். "வயிறு காலியாக் கீதுடா. நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி இல்ல."

"காலியா இருக்காதுக்கா. உனக்குக் காலி மாதிரி தெரியும். நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

அவள் குரல் மாறிவிட்டது. "சொல்லாத. ஊசியாலதான் ஏறினேன்னு ஆயிட்டா வேண்டுதல் செல்லுமா? நாளைக்கு அந்த மனுசனுக்கு மறுபடியும் நெஞ்சு வலி வந்தா நீ வந்து பதில் சொல்லுவியா? அம்மா மேல சத்தியம்டா, வாயைத் தொறக்காத." போனை வைத்துவிட்டாள்.

அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விஜி அடுப்பை அணைத்துவிட்டு, "சொல்லிடுங்க" என்றாள். சத்தியம் வாங்கிவிட்டாளே என்றேன். எப்போது வந்தாளோ தெரியாது, தாரிணி படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை உயிரோடு இருந்தால்தானே உங்கள்மேல் கோபப்பட முடியும் என்று இங்கிலீஷில் கத்தினாள். என் மகள் என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. மணி ஏழே கால் ஆகிவிட்டது, அங்கே ஆறே முக்கால்.

பாவாவைக் கூப்பிட்டேன். முழுவதையும் சொன்னேன், கொடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்து. அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளுவது கேட்டது.

"எத்தினி வாரமா?"

"ஒன்பது வாரம் பாவா."

"எனக்காவவா?" என்றார். அடுத்த நிமிடம், கூட்டமான பஸ்ஸின் பின்வாசலிலிருந்து டிரைவரை நிறுத்தச் சொல்லுகிற அதே குரலில், "டாக்டரம்மா! வண்டியை நிறுத்துங்க! டாக்டரம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

போனுக்கு வந்த மயக்க மருந்து டாக்டர் சின்ன வயதுப் பெண்ணாக இருக்க வேண்டும். கோபமே படாமல் ஊசியின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நாள் மூன்றையும் கேட்டார். என் ஃப்ரிட்ஜைத் திறந்து என்னுடைய பேனாவை எடுத்து, லேபிளில் இருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தேன். "நல்லவேளை சொன்னீங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம். யாரும் சாப்பிடவில்லை. தாரிணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பாவா கூப்பிட்டார். "வயித்து மேல ஸ்கேன் மிஷினை வெச்சிப் பாத்தாங்க மச்சான். நேத்து துன்ன சோறு உள்ளயே கீதாம். எனக்கே திரையில காட்டினாங்க. அப்படியே மயக்கம் குடுத்திருந்தா..." உடைந்து அழுதார். நானும் அழுதுவிட்டேன்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். சலைனும் சீழுக்கு மருந்தும் ஏற்றி, வயிறு உண்மையிலேயே காலியானதைப் பார்த்த பிறகு, ஐந்தாம் நாள் கல்லோடு பித்தப்பையை எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

6

அக்கா என்னோடு பேசவில்லை. போன் செய்தால் பாவாதான் எடுப்பார். "இருக்கா, தூங்கறா" என்பார். பின்னாலிருந்து அவள் பாத்திரம் போடும் சத்தம் கேட்கும். சத்தியத்தை மீறினவன் நான், கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி கேட்கிற வியாதி மட்டும் எனக்குப் போகவில்லை. மருந்துக்கடை அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். உடம்பு வேகமாக இளைத்தால் பித்தநீரில் கல் சேர வாய்ப்பு அதிகம் என்றார். அதனால்தான் மெதுவாக ஏற்றுகிறோம், வலி வருகிறதா, வாந்தி நிற்காமல் வருகிறதா, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மாதாமாதம் கேட்கிறோம். ஊசி மட்டும் போதாது, அந்தக் கேள்விகளும் சேர்ந்ததுதான் மருந்து என்றார். நான் ஊருக்கு ஊசியை மட்டும் கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

என் ஊசியை நான் நிறுத்தவில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. இதையும் எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிட்டு என்மேல் பழி போடுவார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே வீடியோவில் வந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. எடுத்த எடுப்பில், "இன்னைக்கு ஊசி போட்டுகினியா?" என்றாள்.

"ஆங், இப்பதான்."

"எனக்குக் கல்லு வந்துச்சே, உனக்குப் பாத்தாங்களா?"

"எனக்கெல்லாம் எல்லாமே பார்த்துத்தாங்கா குடுக்கறாங்க."

"அதைக் கேக்கல. உனக்கு எங்கனா வலிக்குதா?"

இல்லை என்றேன். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு தாமதித்துவிட்டேன். இரண்டு மாதமாக எண்ணெய் போட்டதைத் தின்றால் வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடி பிடிக்கிறது, முதுகுவரை போகிறது. மாதாமாதம் டாக்டர் கேட்கிறார், ஒன்றுமில்லை என்று சொல்லி வருகிறேன். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவாரோ, பழையபடி ஊதிவிடுவேனோ என்று பயம். விஜிக்குக்கூடத் தெரியாது.

அக்கா திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டேய், ஆஸ்பத்திரியில நானும் இப்பிடித்தான் நிறுத்தி, அப்பால இல்லன்னு சொன்னேன்."

விஜி காதில் விழக் கூடாது என்று போன் சத்தத்தைக் குறைத்தேன்.

"உன் பொண்டாட்டி எங்க? போனை அவகிட்ட குடு."

"அக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான் அப்புறம்..."

"குடுடா."

விஜி அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "என்னங்க, என்ன வலி?" என்று கேட்டாள்.

போனை அவளிடம் கொடுத்தேன்.